அசாசின்ஸ் கிரீட் தொடரை எந்த வரிசையில் விளையாடுவது? கோத்தகிரித் தம்பிக்கு ஒரு பதில்

கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் கோத்தகிரித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அசாசின்ஸ் கிரீட் தொடரை முதலிலிருந்து விளையாடலாம் என்று இருக்கிறேன். கதை நடக்கும் காலத்தின் வரிசையில் போவதா, கேம் வெளிவந்த வரிசையில் போவதா? எல்லாவற்றையும் விளையாடித்தான் ஆக வேண்டுமா? என்னிடம் இருப்பது சாதாரண லேப்டாப். மலையில் நெட்டும் கரண்டும் எப்படி என்று உங்களுக்கே தெரியும்."

தம்பி, வெளிவந்த வரிசையிலேயே போங்கள். எல்லாவற்றையும் விளையாட வேண்டியதில்லை. எதை விளையாடினாலும், சின்னச்சின்ன வேலைகளையும் பொருள்களையும் காட்ட மேப்பில் இருக்கும் எல்லாக் குறிகளையும் துடைத்தெடுக்க மட்டும் கிளம்பிவிடாதீர்கள். இந்தத் தொடரைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அந்தக் குறிகளிடம்தான் தோற்றிருப்பார்கள். கதையிலோ சண்டையிலோ தோற்றவர்கள் குறைவு. குன்னூரில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். 2007-ல் முதல் பாகம் வந்த காலத்திலிருந்து இந்தத் தொடரோடு இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் காலவரிசை விஷயம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கி.மு. 431-ல் கிரேக்கத்தில் ஒடிசி, கி.மு. 49-ல் எகிப்தில் ஆரிஜின்ஸ், 861-ல் பாக்தாதில் மிராஜ், 873 வாக்கில் இங்கிலாந்தில் வல்ஹல்லா, 1191-ல் சிலுவைப்போர்க் காலத்து முதல் பாகம் என்று உலக வரலாற்றையே ஒரு சுற்று சுற்றிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இந்த வரிசையில் முதலில் நிற்கும் ஒடிசியே மெயின் ஸ்டோரிக்கு மட்டும் 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கும். அதில் கண்ணால் பார்க்கும் சுவர் எல்லாம் ஏறலாம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தோடு 2007-ன் கேமுக்குள் வந்தால், தண்ணீரில் விழுந்தவுடன் செத்துப்போகும் நாயகன் ஆல்டையரைப் பார்த்து நொந்துபோவீர்கள். அவருக்கு நீச்சல் தெரியாது!

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தத் தொடரில் எல்லா வரலாறும் நிகழ்காலத்துக் கதை ஒன்றுக்குள் வைத்துச் சொல்லப்படுகிறது. டெஸ்மண்ட் மைல்ஸ் என்ற இளைஞனை ஒரு நிறுவனம் பிடித்துவந்து, அனிமஸ் என்ற இயந்திரத்தில் படுக்கவைத்து, அவன் முன்னோர்களின் நினைவுகளைத் தோண்டுகிறது. முதல் பாகத்தில் தொடங்கும் அவன் கதை 2012-ல் வந்த மூன்றாம் பாகத்தில் முடிகிறது. காலவரிசையில் போனால் இந்தச் சரடு துண்டுதுண்டாகிவிடும். மிராஜின் நாயகன் பாசிமை வல்ஹல்லாவில் பார்த்துவிட்டு வந்தால்தான் மிராஜின் முடிவு உறைக்கும். காலத்தில் மிராஜ் முந்தியது என்று அதை முதலில் எடுத்தால் அந்த அடி விழாமலே போகும்.

சரி, முதல் பாகம். இதைத் தவிர்த்துவிட்டு நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டமாஸ்கஸ், ஆக்ரே, ஜெருசலேம் என்று மூன்று நகரங்கள். ஒவ்வொரு கொலைக்கு முன்பும் ஒட்டுக்கேட்பது, பையிலிருந்து கடிதம் திருடுவது, ஒருவனை அடித்து உண்மை வரவழைப்பது என்று அதே வேலைகள் திரும்பத் திரும்ப வரும். அசல் பதிப்பில் சப்டைட்டில் வேறு கிடையாது. ஆங்கிலம் காதில் கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும், ஹெட்போன் அவசியம். ஆனாலும் நான் விளையாடச் சொல்வேன். கொல்லப்பட்டவன் கடைசி மூச்சில் தன் தரப்பு நியாயத்தைச் சொல்வான், ஆல்டையர் குழம்பிப்போவான். கொல்வது சரியா, யார் சொல்லிக் கொல்கிறோம் என்ற கேள்வியை இவ்வளவு நேராக இந்தத் தொடர் பிறகு எங்கேயும் கேட்கவில்லை. இதில் வரும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னனும், அசாசின்களின் எதிரணியான டெம்ப்ளர்களின் தலைவர் ராபர்ட் டி சாப்லேயும் வரலாற்றில் இருந்தவர்கள். ஆல்டையரின் கூட்டத்துக்குத் தலைமையிடமான மாஸ்யாஃப் கோட்டை இன்றும் சிரியாவில் நிற்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கேமில் மொத்தம் 420 கொடிகள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்தாலும் கதையில் எதுவும் கிடைக்காது. கண்ணில் பட்டால் எடுங்கள், தேடிப் போகாதீர்கள். அடுத்த பாகத்தில் இதே யோசனையை எப்படித் திருத்தினார்கள் என்று பாருங்கள். அங்கே 100 இறகுகள் இருக்கின்றன. அந்தப் பாகத்தின் நாயகன் எட்சியோவின் சின்னத்தம்பி சேர்த்துவந்தவை. குடும்பத்தில் நடந்ததைப் பார்த்துப் பேச்சையே இழந்துவிட்ட அம்மாவிடம் அந்த இறகுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். கூரையில் கிடக்கும் ஒரு சின்னப் பொருள்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. எதைச் சேர்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதற்குத் தொடர் முழுக்க இந்த அளவுகோல் போதும்.

இரண்டாம் பாகம் 2009-ல் வந்தது. எனக்கு இன்றும் தொடரின் சிகரம் இதுதான். எட்சியோ ஆடிட்டோரே ஃபிளாரன்ஸில் பணக்கார வீட்டுப் பையனாகத் தொடங்குகிறான். ஆரம்பத்தில் அண்ணனும் தம்பியும் இரவில் ஒரு தேவாலயக் கோபுரத்தின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்ப்பார்கள், பின்னணியில் ஜெஸ்பர் கிட்டின் இசை வரும். அந்த இடத்தில் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் பேசாமல் இருங்கள். அப்புறம் 1478 ஏப்ரல் 26. மெடிசி குடும்பத்தின் லொரென்சோவையும் ஜூலியானோவையும் பாட்சி குடும்பத்தார் தேவாலயத்தில் வழிபாட்டின் நடுவே குத்திய நாள். ஜூலியானோ செத்தார், லொரென்சோ காயத்தோடு தப்பினார். நடந்த வரலாறு இது. அந்தக் கூட்டத்துக்குள் உங்களை நிறுத்தி, லொரென்சோவை வீடுவரை காப்பாற்றிக் கூட்டிப்போகச் சொல்கிறது கேம். பாடப்புத்தகத்தில் மறுமலர்ச்சிக் காலம் என்று ஒரு பக்கம் நடத்திவிட்டுப் போகும் எனக்கு, பாங்க் நடத்திய ஒரு குடும்பம் எப்படி ஒரு நகரத்தையே கையில் வைத்திருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடைத்ததில்லை.

இரண்டாம் பாகத்தை முடித்த சூட்டிலேயே பிரதர்ஹுட், ரெவலேஷன்ஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள். மூன்றும் எட்சியோவின் ஒரே வாழ்க்கை. பிரதர்ஹுட் முழுக்க ரோம் நகரம். அங்கே ஒவ்வொரு மிஷனுக்கும் முழுமதிப்பெண் பெற ஒரு நிபந்தனை வைப்பார்கள்: யார் கண்ணிலும் படாதே, இத்தனை நிமிடத்தில் முடி என்று. அதைச் சட்டைசெய்ய வேண்டாம். தவறினாலும் கதை நகரும். ரெவலேஷன்ஸ் 1511-ன் கான்ஸ்டான்டினோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல். எட்சியோவுக்கு 50 வயது தாண்டி தாடி நரைத்துவிட்டது, இளவரசனாக இருக்கும் சுலைமான் வருகிறார். இந்த பாகத்தில் எரிச்சல் தரும் ஒரு விஷயம், உங்கள் புகலிடங்களை எதிரிகள் வந்து தாக்கும்போது கூரையில் நின்று ஆட்களை நிறுத்தித் தடுக்கும் விளையாட்டு. உங்கள் மேல் அவர்கள் கவனம் ஏறும்போதெல்லாம் தெருவில் செய்தி கூவும் அறிவிப்பாளனுக்குக் காசு கொடுத்து இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு புகலிடத்துக்கும் பொறுப்பாளராகப் போட்ட ஆளை உயர்ந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் அங்கே தாக்குதலே வராது. அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போது மூன்றாம் பாகம். இதைப் பற்றித்தான் நம் மலைக்காரர்களிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலம். நாயகன் மோஹாக் பழங்குடியைச் சேர்ந்தவன். அவன் பெயர் ரதொன்ஹாகேதொன், ஊருக்காக கானர். கனடாவின் கனவாகே என்ற ஊரில் வாழும் மோஹாக் சமூகத்தைச் சேர்ந்தவர்களின் ஆலோசனையோடு செய்தார்கள், கிராமத்தில் மோஹாக் மொழியிலேயே பேசிக்கொள்வார்கள். தொடக்கம் மெதுவாகப் போகும். மூன்று அத்தியாயங்கள் வேறொருவராக விளையாடிய பிறகுதான் கானரே வருவான். பலர் அந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அந்த மூன்று அத்தியாயங்களின் முடிவில் ஒன்று தெரியவரும், அதற்கு அந்தக் காத்திருப்பு தகும்.

இந்தக் கதையில் 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டும் நிகழ்ச்சி வருகிறது. பள்ளியில் வரி எதிர்ப்பு என்று படித்திருப்பீர்கள். கேமில் கானர் அங்கே நிற்கும் காரணம் வேறு. வில்லியம் ஜான்சன் என்பவர் தேயிலையில் வரும் பணத்தை வைத்து மோஹாக் மக்களின் நிலத்தை வாங்கப் பார்க்கிறார். பணம் வரும் வழியை அடைத்தால் ஊர் பிழைக்கும் என்று கானர் பெட்டிகளைத் தூக்கி எறிகிறான். அடுத்த வருடமே ஜான்சன் வேறு வழியில் பணத்தோடு வந்து நிற்பார். பழங்குடித் தலைவர்களை உட்காரவைத்து, உங்கள் நன்மைக்குத்தான் வாங்குகிறேன், நான் வாங்காவிட்டால் வேறொருவன் பிடுங்கிக்கொள்வான் என்று பேசுவார். ஜான்சன் உண்மையில் வாழ்ந்தவர், பிரிட்டிஷ் அரசுக்காகப் பழங்குடி விவகாரங்களைக் கவனித்தவர், 1774-ல் இறந்தவர். கேமில் கானர் அவரைக் கொல்வதும் அந்தத் தேயிலைக் கணக்கும் கற்பனை.

அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு உங்கள் ஊர்ப்பக்கம்தான் நினைவுக்கு வந்தது தம்பி. கன்னேரிமுக்கில், கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனின் பங்களா இருக்கிறதே, நீங்கள் எத்தனையோ முறை கடந்து போயிருப்பீர்கள். 1819-ல் அவர் மலைக்கு வந்தார். பிறகு ஊட்டியில் வீடு கட்டத் தோடர்களிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கினார் என்று வரலாற்றில் படிக்கிறோம். சல்லிவனை ஜான்சனோடு சேர்த்து நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தோடர்களின் நில உரிமைக்காகக் கம்பெனியிடமே வாதாடியவர் அவர். ஆனால் எருமை மேய்ந்த புல்வெளி, கையெழுத்துப் போட்ட காகிதத்தில் சொத்தாக மாறும் கணம் இருக்கிறதே, அது இங்கேயும் நடந்தது, அங்கேயும் நடந்தது. மூன்றாம் பாகத்தை இந்தக் கண்ணோடு விளையாடினால், கானர் ஏன் எப்போதும் கோபமாகவே இருக்கிறான் என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டனில் கொட்டியது சீனத் தேயிலை. நம் மலையில் தேயிலை வேர்பிடித்ததே அதற்கு அடுத்த நூற்றாண்டில்தான். அசாம் தேயிலை என்றும் நீலகிரி தேயிலை என்றும் எழுதுபவர்களை நம்பிவிடாதீர்கள்.

பிளாக் ஃபிளாக் 2013. கானரின் தாத்தா எட்வர்ட் கென்வே, 1715-ன் கரீபியன் கடல், கடற்கொள்ளையர். இதை விளையாடச் சொல்லி யாரையும் வற்புறுத்தத் தேவையே இருந்ததில்லை. கப்பல் பாய் விரித்ததும் மாலுமிகள் பாட ஆரம்பிப்பார்கள், அப்புறம் மிஷன் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும். ஒரு யோசனை மட்டும்: ஜாக்டா கப்பலுக்குச் செலவு செய்யும்போது முதலில் கப்பலின் உடம்பைப் பலப்படுத்துங்கள், பீரங்கி அப்புறம். ஒருவன் பின்னாலேயே போய் ஒட்டுக்கேட்கும் மிஷன்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிளாக்பியர்ட், ஆன் போனி, மேரி ரீட், சார்லஸ் வேன் எல்லோரும் நிஜ ஆட்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் கரையும் விதம் வரலாற்றை ஒட்டியே இருக்கும். பிளாக்பியர்ட் 1718-ல் கொல்லப்பட்டார் என்று முன்பே தெரிந்து விளையாடும்போது, நாட்கள் நெருங்க நெருங்க மனசு கனத்துவிடும். இது பிடித்துப்போனால் ரோக் விளையாடுங்கள், எதிரணியான டெம்ப்ளர்களின் கண்ணிலிருந்து சொன்ன சின்னக் கதை. இல்லையென்றால் தாண்டிப் போகலாம்.

யூனிட்டி, 2014. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ். வெளிவந்தபோது முகமே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் அளவுக்குக் கோளாறுகளோடு வந்தது. பேட்ச்கள் வந்து இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. கதை சுமார்தான், ஆனால் கட்டடங்கள்! நோத்ர் தாம் பேராலயத்தை உருவாக்க ஒரு கலைஞர் ஏறக்குறைய இரண்டு வருடம் அதிலேயே உழைத்தார். 2019-ல் அந்தப் பேராலயம் தீப்பிடித்தபோது இந்தத் தொடரை உருவாக்கும் யூபிசாஃப்ட் நிறுவனம் 5 லட்சம் யூரோ நன்கொடை அறிவித்து, கேமை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. உள்ளே போனால் தரையிலிருந்து அண்ணாந்து பாருங்கள், பிறகு உத்திரங்களின் மேல் ஏறிக் கீழே பாருங்கள். ஒன்றையும் கவனியுங்கள்: கேமில் உச்சியில் நிற்கும் ஊசிக்கோபுரம் புரட்சிக் காலத்தில் கிடையாது. அது 19-ம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது. பார்ப்பவர் மனதில் இருக்கும் நோத்ர் தாம் அதுதான் என்று தெரிந்தே வைத்தார்கள். ஒரு கட்டடத்துக்குள் பல காலம் இருக்கும் என்பதை நாம் ஊட்டியிலேயே பார்க்கலாம். 1830-ல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்தின் பெரிய மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. யூனிட்டியை விளையாடிவிட்டு அந்த ஆலயத்துக்குள் ஒருமுறை போய் மேலே பாருங்கள்.

சிண்டிகேட் 1868-ன் லண்டன், எப்போதும் அடித்துக்கொள்ளும் அக்கா-தம்பி இரட்டையர், ஓடும் ரயிலில் வீடு. லேசான கேம், வார இறுதிகளில் போட்டு விளையாட ஏற்றது. பஞ்சாபிலிருந்து சிறுவயதில் கொண்டுபோகப்பட்ட துலீப் சிங் அதில் வருகிறார். அந்த மிஷன்களைத் தவறவிடாதீர்கள், கோஹினூரை இழந்த அரசன் லண்டன் மாளிகைகளில் உதவி கேட்டு அலைவதைப் பார்க்கலாம்.

2017-ன் ஆரிஜின்ஸிலிருந்து தொடர் வேறு விளையாட்டாகிவிடுகிறது. லெவல் ஏற்றுவது, ஆயுதம் மாற்றுவது, மாவட்டம் மாவட்டமாகப் பெரிய நிலம். இங்கேதான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். ஆரிஜின்ஸில் சைடு மிஷன்களைச் செய்யலாம், ஏனென்றால் நாயகன் பாயெக் நல்ல மனிதன், ஒவ்வொரு கிராமத்திலும் அவன் பேசும் விதமே பார்க்கத் தக்கது. மகனைப் பறிகொடுத்தவன் அவன். எகிப்து முழுக்க 12 கல்வட்டங்கள் இருக்கின்றன. இரவில் அங்கே உட்கார்ந்து நட்சத்திரங்களைச் சேர்த்து உருவம் காணும்போது, மகன் கேமுவோடு முன்பு பேசிய பேச்சு காதில் விழும். இந்த 12-ஐயும் கட்டாயம் முடியுங்கள். அடுத்து, டிஸ்கவரி டூர் என்று ஒரு பகுதி 2018-ல் சேர்ந்தது. சண்டையே இல்லாமல் 75 சுற்றுலாக்கள், வரலாற்றாளர்கள் உதவியோடு எழுதியவை. பிரமிட் கட்டியது, மம்மி செய்தது, அலெக்சாண்டிரியா நூலகம் எல்லாம் உண்டு. நான் ஆசிரியராக யோசித்துச் சொல்கிறேன், இந்தத் தொடர் செய்த மிக நல்ல காரியம் இதுதான்.

ஒடிசியில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் இருவரில் கசாண்ட்ராவாக விளையாடுங்கள், குரல் நடிப்பு அலெக்சியோஸை விட எங்கோ மேலே இருக்கும். தொடங்கும்போது எக்ஸ்ப்ளோரேஷன் முறையைத் தேர்ந்தெடுங்கள். குறி காட்டாமல், "ஆற்றுக்கு மேற்கே, மலைக்குத் தெற்கே" என்று வழி மட்டும் சொல்லும். மலையில் வளர்ந்த நமக்கு இது சுலபம், சுகமும்கூட. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் வேலைகளைத் தொடாதீர்கள், அவை முடிவதே இல்லை. சாக்ரடீஸ் வரும் மிஷன்களை மட்டும் தேடிப் போய்ச் செய்யுங்கள். வல்ஹல்லா இன்னும் நீளம். இங்கிலாந்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கதை, 60 மணி நேரம் சாதாரணமாகப் போகும். படிப்பு இருக்கும்போது வேண்டாம், லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2023-ன் மிராஜ் பழைய வழிக்குத் திரும்பிய சின்ன கேம். ஒரே நகரம், பதுங்கிப் போவது, 20 மணி நேரத்துக்குள் முடியும். 2025-ல் வந்த ஷேடோஸ் 1579 முதலான ஜப்பான். பருவம் மாற மாற ஒளிந்துகொள்ளும் புதரும் மாறும், குளத்து நீரும் உறையும். அழகு, ஆனால் உங்கள் லேப்டாப்புக்கு ஆகாது. நூறு ஜிபிக்கு மேல் இடமும் கேட்கும்.

லேப்டாப் என்றதும் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும் முதல் பாகமும் எட்சியோவின் மூன்றும் குறைந்த செட்டிங்கில் ஓட வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றும் 8 முதல் 12 ஜிபிதான். உங்களுக்கு ஒரு வருடத்துக்கு அதுவே தாங்கும். பழைய பாகங்கள் சிலவற்றுக்கு 2022-ல் ஆன்லைன் சேவையை நிறுத்திவிட்டார்கள். தனியாளாகக் கதை விளையாட அதனால் தடையில்லை. யூனிட்டிக்கும் ஆரிஜின்ஸுக்கும் அடுத்தவற்றுக்கும் தனி கார்டு வேண்டும், 40, 50 ஜிபியோ அதற்கு மேலோ டவுன்லோடும் ஆகும். அதை ஊரில் மொபைல் டேட்டாவில் இழுக்காமல், கோவையில் ஹாஸ்டலில் இருக்கும்போதே இறக்கி எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டுக்கொண்டு மேலே வாருங்கள். மழைக்காலத்தில் லேப்டாப்பை மூடிவைக்கும் பையில் இரண்டு மூன்று சிலிக்கா பொட்டலம் கிடக்கட்டும். குளிரில் இருந்ததை ஹீட்டர் அறைக்குக் கொண்டுவந்தவுடனே ஆன் செய்யாதீர்கள், உள்ளே நீர் படிந்திருக்கும், அரைமணி விடுங்கள்.

நெட் இருக்கும்போதே ஒருமுறை கேமைத் திறந்து உள்நுழைந்துவிட்டு, கேமைத் திறக்கும் லாஞ்சர் செயலியை ஆஃப்லைன் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மரம் விழுந்து கேபிள் அறுந்த பிறகு மாற்ற முயன்றால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே நிற்கும். மிஷன் நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் இறங்கினால் கடைசி செக்பாயின்டிலிருந்துதான் வரும், அதனால் மெயின் மிஷன் தொடங்குமுன் சார்ஜைப் பாருங்கள். திரும்ப நெட் வந்ததும், கிளவுடில் இருக்கும் சேவ் வேண்டுமா, லேப்டாப்பில் இருக்கும் சேவ் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் அழுத்திவிடாமல் இரண்டுக்கும் எதிரே இருக்கும் தேதியையும் நேரத்தையும் பார்த்து, புதியது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.